ஒரு மணி நேரம் முந்தி ஓடும் தீவு

இருபது வருடங்களாக அடுத்தவர் படுக்கையை விரித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை, ஒரு நாள் அதே படுக்கையில் ராஜா மாதிரி படுத்துக்கொள் என்றால் என்ன செய்வார்? கால் நீட்டித் தூங்குவார் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். இத்ரீஸ் எழுந்து உட்கார்ந்து, விரிப்பின் இடது மூலையிலிருந்த சுருக்கத்தை நீவிச் சரிசெய்தார். பிறகு வலது மூலையையும்.

அவர் அப்படிப்பட்ட ஆள்தான். எங்கள் ஃபுனகிரி ஒரு ரிசார்ட், கையகலத் தீவு. வாயில் ஒரு பாக்கைப் போட்டுக்கொண்டு கரையோரமாக நடந்தால், அது மென்று தீருவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பதினான்கு வில்லா, ஒரு சாப்பாட்டுக்கூடம், ஒரு படகுத்துறை, பின்பக்கம் புதர் மறைவில் வேலையாட்களாகிய எங்கள் குடியிருப்பு. அவ்வளவுதான் மொத்த ராஜ்ஜியமும். இத்ரீஸ் இங்கே வந்தபோது வயது இருபத்தாறு. முதல் வருடம் மண் சுமந்தார், அடுத்த இரண்டு வருடம் சலவைக்கூடம், அதற்குப் பிறகு ரூம் பாய். நாற்பத்தொன்பது வயதாகி, தாடியில் பாதி வெளுத்த பிறகும் அந்த உத்தியோகத்துக்குப் பெயர் பாய்தான், என்ன செய்வது. அவர் விரித்த படுக்கையில் ஒரு காசைச் சுண்டினால் துள்ளும். தேனிலவுக்கு வருகிறவர்களுக்குத் தாழை இலையைக் கிழித்து, செம்பருத்தியை வைத்து, படுக்கை மேல் பெயர் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்து அழுத வெள்ளைக்காரிகள் உண்டு.

எங்கள் தீவில் இன்னொரு விசேஷம் உண்டு. விருந்தாளிகளுக்கு மாலை வெயில் கூடக் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று, தலைநகரமான மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் எங்கள் கடிகாரத்தை ஓட விட்டிருக்கிறார்கள். அங்கே மூன்று என்றால் இங்கே நான்கு. அதனால் படகுத்துறையில் இரண்டு பலகைகள். விருந்தாளிகளின் படகு நேரம் வெள்ளைப் பலகையில், தீவுக் கணக்கில். வேலையாட்கள் ஊருக்குப் போய்வருகிற படகு வெளியிலிருந்து வருவதால், அதன் நேரம் நீலப் பலகையில், மாலேக் கணக்கில். குழப்பமே கிடையாது. அவர்கள் வெள்ளையைப் பார்ப்பார்கள், நாங்கள் நீலத்தைப் பார்ப்போம். விருந்தாளி வேறு, வேலையாள் வேறு என்று இருக்கிற வரைக்கும் ஒரு தப்பும் நடக்காது.

இத்ரீஸின் மனைவி ஸாஹிதா இரண்டு மணி நேரப் படகுத் தூரத்தில் வேய்தூ தீவில் இருந்தாள். மகள் கல்யாணமாகி மாலேயில், மகன் எங்கோ தெற்கே இன்னொரு ரிசார்ட் சமையலறையில். வீட்டில் அவள் மட்டும். வருடத்துக்கு முப்பது நாள் இத்ரீஸ் போவார், கூரையைச் சரிபார்ப்பார், மீன் பிடிப்பார், கிளம்பி வந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் ஃபோன். அதிலும் ஒரு கூத்து. எட்டு மணிக்குக் கூப்பிடு என்பாள் அவள். இவர் தன் எட்டு மணிக்குக் கூப்பிடுவார். அங்கே மாலே நேரம், ஏழுதான். அவள் அடுப்படியில் இருப்பாள். "அப்புறம் பேசறேன், கையெல்லாம் மாவு" என்று வைத்துவிடுவாள். அவளுடைய எட்டு மணிக்கு இவர் படுக்கைகளை இரவுக்குத் தயார் செய்யப் போயிருப்பார். இப்படியே இருபத்து மூன்று வருடம் ஓடியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

போன மாதம் மேனேஜர் ஷிஹாமா அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "பேபே, இருபது வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு இந்த வருஷம் ஒரு பரிசு. மனைவியோட ரெண்டு ராத்திரி, மூணு பகல், ஏழாம் நம்பர் வில்லாவுல விருந்தாளியா தங்கலாம்." பேபே என்றால் எங்களுக்கு அண்ணன். மேனேஜரே ஆனாலும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஸாஹிதா வரமாட்டாள் என்றுதான் இத்ரீஸ் நினைத்தார். மகள் பிரசவத்துக்கு மாலே போனவளே நாலாம் நாள் திரும்பிவிட்டாள். ஆனால் ஃபோனில் சொன்னதும், எத்தனை நாள் என்று கேட்டாள். பிறகு, "வரேன்" என்றாள். "நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஃபோன்ல சொல்ற விஷயம் இல்ல. நேர்லதான் சொல்லணும்."

தலாக்தான் என்று இத்ரீஸ் முடிவுகட்டிவிட்டார்.

எங்கள் ஊர்களில் தலாக் என்பது இடி விழுந்த சமாசாரமெல்லாம் இல்லை. ஸாஹிதாவின் தங்கை இப்போது மூன்றாவது கணவரோடு இருக்கிறாள். முதல் கணவர்தான் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் மீன் கொடுக்கிறார். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் குறைவு. பேச்சு வற்றிப்போய்ப் பிரிகிறவர்கள்தான் அதிகம். இத்ரீஸும் ஸாஹிதாவும் சண்டையே போட்டதில்லை. அதை நினைத்தபோதுதான் அவருக்கு இன்னும் பயம் வந்தது.

ஒரு மாதம் அந்த மனிதர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். விருந்தாளி படுக்கைமேல் வைக்கத் துண்டில் அன்னம் மடிக்கப் போனால் வாத்து வந்தது. அவரோடு வேலை செய்யும் வங்காளி ரஃபீக், "பேபே, இன்னிக்கு உங்க அன்னத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். தன்னை ஆயிரம் சொன்னாலும் பொறுப்பார், அன்னத்தைச் சொன்னால் இத்ரீஸ் பொறுக்கமாட்டார். அன்றைக்கு அந்த வாத்தை அப்படியே படுக்கையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ரஃபீக் வந்து என்னிடம், "விஷயம் பெரிசு" என்றான்.

ஸாஹிதா வந்த அன்று காலையில் படகுத்துறையில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக நின்றோம். விருந்தாளிகளுக்குச் செய்வதைப்போலவே குளிர்ந்த துண்டு, இளநீர் எல்லாம். கறுப்பு உடுப்பு, பழுப்புத் தலைத்துணி, கையில் ஒரு பெரிய பை. இறங்கினதும் துண்டை வாங்கி முகம் துடைக்காமல், அதை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். விரலால் தடவினாள். "இது எத்தன தடவ துவைச்சா நூல் போகும்?" என்று கேட்டாள்.

"முகத்தைத் துடைச்சுக்கோ" என்றார் இத்ரீஸ்.

"துடைக்கறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஏழாம் நம்பர் வில்லாவில் ரஃபீக் தன்னால் முடிந்ததைச் செய்து வைத்திருந்தான். படுக்கை மேல் செம்பருத்தியால் பெரிய இதயம், அதற்குள்ளே தாழை இலையில் புதுமண வாழ்த்து. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஸாஹிதா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. இதயத்தை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு மெத்தையின் விளிம்பைத் தூக்கி அடியில் பார்த்தாள். இழுப்பறைகளைத் திறந்து மூடினாள். சோப்பை முகர்ந்தாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்கறாங்க?" என்றாள். இத்ரீஸ் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலை இத்ரீஸ் எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? இவ்வளவு சொகுசான இடத்தில் நீ இருந்திருக்கிறாய், என்னை உப்புக்காற்றில் விட்டுவிட்டாய் என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சுக்குத் தலையாட்டினாலும் வழக்குத்தான்.

"இத்ரீஸ், கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள்.

"இதோ வந்துட்டேன், திரைச்சீலையில ஒரு கொக்கி கழண்டிருக்கு" என்று இவர் நாற்காலியில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு முழுக்க அதுதான் கதை. அவள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் இவர் எதையாவது சரிசெய்ய ஓடினார். சாய்வு நாற்காலியின் மெத்தையைத் தட்டினார். நடைபாதை மணலைக் காலால் நிரவினார். சாப்பாட்டுக்கூடத்தில் தன் தட்டையும் அவள் தட்டையும் பக்கத்து மேசை ஜெர்மன்காரர் தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றார். ஜெர்மன்காரர் அப்போதுதான் மீனில் முள்ளெடுக்க ஆரம்பித்திருந்தாராம். சமையலறையில் இருந்த நான்தான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் ரஃபீக் இரவுப் படுக்கை போட வந்தபோது படுக்கை ஏற்கெனவே போட்டிருந்தது, குளியலறை உலர்ந்து பளபளத்தது. "பேபே, என் பொழப்புல மண்ணப் போடாதீங்க" என்று அவன் கோபித்துக்கொண்டு போனான். ஸாஹிதா வாசற்படியில் உட்கார்ந்து பாக்கை மென்றுகொண்டிருந்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்" என்றாள். "நம்ம வீட்டுப் பாய ஒரு நாள் தட்டிப் போட்டிருக்கியா நீ?"

வருடத்துக்கு முப்பது நாள் ஊருக்குப் போகிறவர் ஒரு துண்டைக்கூட மடிக்கமாட்டார். விடுமுறையாயிற்றே.

இதெல்லாம் போதாதென்று, கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்கள் குடியிருப்பிலிருந்து சீப்பு எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், ஸாஹிதா படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள். கையில் தூண்டில் கயிறு. அதில் வரிசையாக முடிச்சு. இவரைப் பார்த்ததும் சட்டென்று சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. கயிறு."

எங்கள் ஊரில் பிறந்தவனுக்குப் படுக்கைப் பக்கத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது. ஃபண்டிதாதான், எங்கள் ஊர் மாந்திரீகம். மந்திரிக்கிறவர்கள் வேய்தூவில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். சேர்த்து வைக்க ஒரு விதமாக முடிச்சுப் போடுவார்கள், பிரித்து வைக்க இன்னொரு விதமாக. நம்பாதவர்கள்கூட அப்படி ஒரு கயிற்றைத் தாண்டமாட்டார்கள். ஐந்து முடிச்சு இருந்தது என்று இத்ரீஸ் என்னிடம் பின்னால் சொன்னார். சேர்த்து வைக்கவா பிரிக்கவா என்று தெரியாமல், அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கட்டில் ஓரத்தில் பாதி முதுகு வெளியே இருக்கும்படி படுத்திருந்தாராம். பாவம் மனிதர்.

மறுநாள்தான் மணல்திட்டுப் பயணம். தீவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் கடலுக்கு நடுவே ஒரு வெள்ளை மணல்திட்டு. மரமும் கிடையாது, செடியும் கிடையாது. விருந்தாளிகளை இரண்டு பேர் இரண்டு பேராக அங்கே இறக்கி, குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் கொடுத்துவிட்டு வருவோம். தனிமைக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். மேனேஜர் ஷிஹாமா தன் கையாலேயே சீட்டு எழுதி, படகோட்டி முனவ்வரிடம் கொடுத்தார். இத்ரீஸ், மனைவி, மதியச் சாப்பாட்டுக்குப் போக, நான்கு மணிக்குக் கூட்டி வர.

வழக்கமாக விருந்தாளிகளுக்கு ஒரு வாக்கிடாக்கி கொடுத்துத்தான் இறக்குவான் முனவ்வர். அன்றைக்குக் கொடுக்கவில்லை. "பேபேவுக்கு எதுக்கு அது, கடல் தெரியாதவரா?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினான். இத்ரீஸ் ஃபோனும் கொண்டுபோகவில்லை. விருந்தாளி இருக்கிற இடத்துக்கு வேலையாள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. இருபத்து மூன்று வருடப் பழக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்துவிட்டார். விருந்தாளியே தான்தான் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. ஸாஹிதாவின் ஃபோன் வில்லாவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ரொட்டிக்கு நடுவில் ஏதோ இலைதழை. ஸாஹிதா அதை மூடிவிட்டுத் தன் பையிலிருந்து ரோஷி என்கிற எங்கள் ஊர்ச் சப்பாத்தியும், கெட்டியாக வற்றக் காய்ச்சிய மீன் குழம்பும் எடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் இத்ரீஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். சரிசெய்ய ஒன்றுமே இல்லை. குடையை இரண்டு முறை பிடுங்கி நட்டார். பிறகு கடலில் இறங்கி, மீன் பார்க்கிறேன் என்று ஒரு மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தார். கரையேறி வந்ததும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். ஸாஹிதா அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணி ஆயிற்று. படகு வரவில்லை. நாலேகால் ஆயிற்று. பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள், கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். திட்டின் ஓரம் ஏற்கெனவே நனைந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. இத்ரீஸ் எழுந்து நின்று வாட்சைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், திரும்பவும் வாட்சைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சீட்டுல வில்லா நம்பர் எழுதல" என்றார். "என் பேரு மட்டும்தான் எழுதினாங்க."

"அதனால என்ன?"

"என் பேரப் பாத்தா முனவ்வர் எந்தப் பலகையில எழுதுவான்? நீலத்துல எழுதியிருப்பான். எங்க நாலு மணிக்கு இல்ல, மாலே நாலு மணிக்குத்தான் வருவான். இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு."

ஸாஹிதா யோசித்தாள். "அப்போ என் கணக்குக்கு அவன் சரியாத்தான் வரான். நீதான் ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கே."

"தண்ணி ஏறுது ஸாஹிதா."

"எவ்வளவு ஏறும்?"

"முழங்கால் வரைக்கும் வரும். கொஞ்சம் கூடவும் வரலாம். இழுப்பு இருக்கும்."

"நான் என்ன மாலேக்காரியா? தீவுல பொறந்தவ. நிக்கத் தெரியும்." பெட்டியையும் பையையும் திட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடையையும் பிடுங்கி வந்து நட்டாள். பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். "வா. இப்ப எங்க ஓடுவே?"

ஓட இடமில்லைதான். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு பாய் அகல மணல், அதில் மனைவி. இத்ரீஸ் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரு மாதமாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"தலாக் கேக்கத்தானே வந்தே? கேட்டுடு. நான் தகராறு பண்ணமாட்டேன். வீடு உனக்குத்தான். ஆனா அதுக்கு ஃபண்டிதா எதுக்கு? நேராவே கேட்டிருக்கலாம்."

ஸாஹிதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன ஃபண்டிதா?"

"முடிச்சுப் போட்ட கயிறு. கட்டில்கிட்ட. நான் பாத்தேன்."

அவள் பைக்குள் கையை விட்டு அந்தத் தூண்டில் கயிற்றை எடுத்து அவர் காலடியில் மணலில் போட்டாள். "கூறு கெட்ட மனுஷா" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "இந்த முடிச்சு மெத்தை நீளம். இது அகலம். இது கட்டில் உயரம். இது கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற எடம். கடைசியா இருக்கறது கண்ணாடி எவ்வளவு உயரத்துல மாட்டியிருக்காங்கன்னு."

இத்ரீஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். தண்ணீர் அவர் விரல்களைத் தொட்டுவிட்டுப் போனது.

"நம்ம தீவுல இப்ப ஏழு வீட்டுல வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கறாங்க, தெரியுமா உனக்கு? ஃபோன்ல சொன்னேன். 'பாக்கலாம்'னே. கூரை ஒழுகுதுன்னா பாக்கலாம். பொண்ணுக்கு மாப்பிள்ளைன்னா பாக்கலாம். இருபத்து மூணு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கே. நான் பாக்கல, செஞ்சுட்டேன். நீ மீன் வலை வைக்கற அறையை இடிச்சுட்டேன்."

"என் அறையையா?"

"உன் அறையைத்தான். நீ உன் கையால கட்டின அறை. என் வளையலும் போச்சு. எங்க அண்ணன் மரவேலை செஞ்சான், டைல்ஸ் எல்லாம் நான் தூக்கினேன். தங்க வரவங்களுக்கு ரெண்டு ரூம். குளியலறையோட. ஃபோன்ல சொன்னா நீ சத்தம் போடுவே, இல்ல பேசாம வெச்சுடுவே. வெச்சுட்டா என்ன செய்வேன் நான்? அதான் நேர்ல வந்தேன். இந்த எடத்தைப் பாக்கவும்தான் வந்தேன், எப்படி வெச்சிருக்காங்கன்னு. நேத்து பூரா சொல்ல வந்தா நீ நாற்காலி மேல ஏறிக்கறே, தண்ணிக்குள்ள போய்க்கறே."

அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "முப்பது முப்பது நாளா கூட்டிப் பாத்தேன் இத்ரீஸ். நீ இங்க வேலைக்கு வந்த பிறகு மொத்தமா ரெண்டு வருஷம்கூட நான் உன்னோட இருந்ததில்ல. வீட்டுல ராத்திரி சத்தம்னா ஃப்ரிட்ஜ் சத்தம்தான். தலாக் கேக்கறவ எதுக்கு மெத்தைய அளக்கப் போறா?"

அந்த நிமிஷத்தைப் பற்றி இத்ரீஸ் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். போன உயிர் திரும்பி வந்தது என்பார். ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே போனதாம். அவள் பக்கத்தில் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார். வலை அறை போனால் போகட்டும், வீட்டையே இடித்திருந்தாலும் அன்றைக்கு அவர் சிரித்திருப்பார். சிரித்தார்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பா வேறா என்று அவருக்கே தெரியவில்லை. ஸாஹிதா தலைத்துணி முனையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்னால ரூம் கட்ட முடிஞ்சுது" என்றாள். "விரிப்பு விரிக்கத்தான் வரல. நாலு தடவ பண்ணிப் பாத்துட்டேன். சுருட்டின பாய் மாதிரியே இருக்கு. அதுக்கு ஒரு ஆள் வேணும்."

"ஆள் வேணும்னா விளம்பரம் குடு."

"குடுக்கத்தான் படகேறி வந்திருக்கேன்."

"அனுபவம் கேப்பியா?"

"கேப்பேன். துண்டுல அன்னம் செய்யத் தெரியணும். நேத்து நம்ம ரூம்ல இருந்தது வாத்து மாதிரி இருந்துச்சு."

"அது ரஃபீக் செஞ்சது" என்றார் இத்ரீஸ் அவசரமாக.

அதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் எழுந்து நின்று ஆளுக்கொரு பக்கம் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி மிதக்க ஆரம்பித்தது. பெட்டியின் பிடியைத் தூண்டில் கயிற்றால் குடைக்கம்போடு கட்டினாள் ஸாஹிதா. முடிச்சுகள் அவிழாமல் பார்த்துக் கட்டினாள். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அவள் பிடி இறுகியது. கம்பை விட்டுவிட்டு இத்ரீஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலேக்காரி இல்லைதான், ஆனாலும் கீழே மணல் நழுவுகிறதே. இத்ரீஸ் இன்னொரு கையால் அவள் தோளை அணைத்து நின்றார். அப்படி அவர்கள் நின்று எத்தனை வருடமாயிற்றோ. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படகுச் சத்தம் கேட்டபோது வாட்சில் சரியாக ஐந்து. முனவ்வர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். தண்ணீருக்கு நடுவில் ஒரு குடை, அதன் கீழே கட்டிப்பிடித்தபடி இரண்டு பேர், மணலே இல்லை. அவன் முகம் வெளிறிப்போய்விட்டது. கிட்டே வந்து கையைக் கொடுத்து இருவரையும் இழுத்து ஏற்றினான்.

"நாலு மணிக்கு வந்துட்டேன் பேபே. ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல. நாலுன்னுதானே எழுதியிருந்துச்சு."

"எந்தப் பலகையில எழுதினே?"

முனவ்வர் படகைத் திருப்பினான். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, "நீங்க நம்மாளாச்சே" என்றான். அவனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"போகட்டும் விடு" என்றார் இத்ரீஸ். "நீ நேரத்துக்கு வந்திருந்தா நான் இன்னிக்கும் தப்பிச்சிருப்பேன்." முனவ்வருக்கு அது புரியவில்லை. ஸாஹிதா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு ராத்திரி இத்ரீஸ் ஏழாம் நம்பர் வில்லாவின் படுக்கையில் நடுவில் படுத்துத் தூங்கினார். காலையில் ரஃபீக் போய்ப் பார்த்தபோது விரிப்பு தாறுமாறாகக் கிடந்தது. ஒரு தலையணை தரையில். மணல் வேறு. "இப்பத்தான் விருந்தாளி தங்கின ரூம் மாதிரி இருக்கு" என்று அவன் சந்தோஷமாகக் கூட்டினான்.

இத்ரீஸ் காலையிலேயே மேனேஜரிடம் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஷிஹாமா நிறையப் பேசிப் பார்த்தார். இத்ரீஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் 'பாக்கலாம்' என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

விருந்தாளி கிளம்பும்போது படகுத்துறையில் வரிசையாக நின்று கையசைப்பது எங்கள் வழக்கம். படகு கண்ணுக்கு மறையும்வரை கையை இறக்கக் கூடாது. இத்ரீஸ் ஆயிரக்கணக்கான பேருக்கு அப்படி அசைத்தவர். அன்றைக்கு ஸாஹிதா படகில் ஏறினதும் சீருடையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து எங்கள் வரிசையில், எனக்குப் பக்கத்தில் நின்றார். முனவ்வர் கயிற்றை அவிழ்த்தான். ஸாஹிதா படகின் பின்பக்கம் வந்து நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"எட்டு மணிக்கு ஃபோன் பண்ணு."

"எந்த எட்டு?" என்றார் இத்ரீஸ்.

"எந்த எட்டா? வீட்டு எட்டு."

நாங்கள் எல்லோரும் கையசைத்துக்கொண்டிருந்தோம். இத்ரீஸ் மட்டும் கையை இறக்கிவிட்டார். குனிந்து வாட்சின் திருகைப் பிடித்து முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக, இத்ரீஸ் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மேனேஜர் ஷிஹாமா வாசலில் நின்று தன் வாட்சைத் தட்டிக் காட்டினார். இத்ரீஸும் தன் வாட்சைத் தட்டிக் காட்டிவிட்டு, துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.